போர் முடிந்த நாட்டில் தாதாக்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான். "பல வருடம் நடந்த போர் ஒரு வழியாக முடிகிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, வெளிநாட்டு உதவிப் பணம் வந்து இறங்குகிறது. ஆனால் அதற்கப்புறம்தான் கடத்தலும் கூலிக்கொலையும் தலைவிரித்தாடுகின்றன. வறுமையும், வேலை இல்லாத முன்னாள் போராளிகள் கையில் மிச்சமிருக்கும் துப்பாக்கியும்தான் இதற்குக் காரணமா? இலங்கையில் எப்படி? இதைத் தடுக்க எங்காவது எதுவாவது வேலை செய்ததா?"

வறுமைக்கும் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவைதான் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவிலும் (செர்பியா, குரோஷியா, போஸ்னியா எல்லாம் ஒன்றாக இருந்த நாடு) மத்திய அமெரிக்காவிலும் நடந்ததைப் பார்த்தால், அமைதிக் காலத்தில் ஆட்டம் போட்ட பெரிய கும்பல்களில் பல போர்க்காலத்திலேயே உருவானவை என்பது தெரியும். போரை நடத்தியவர்களுக்கு அவை தேவைப்பட்டன, அதனால் வளர்த்தார்கள். சண்டை நின்றபோது கடத்தல் பாதை அப்படியே இருந்தது, அதை ஓட்டிய ஆட்கள் இருந்தார்கள், சுங்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி இருந்தார், உளவுத் துறையில் இருந்த நண்பரும் இருந்தார். சரக்குதான் மாறியது.

வறுமைதான் காரணம் என்பவர்கள் நிகராகுவாவை விளக்கியாக வேண்டும். எண்பதுகளில் அங்கேயும் கொடூரமான உள்நாட்டுப் போர். குவாத்தமாலா, எல் சால்வடோர் இரண்டையும்விட ஏழை நாடு. போர் முடிந்த 1990-க்குப் பிறகும் பல வருடம் ஆயுதத்தோடு முன்னாள் போராளிகள் கிராமப்புறங்களில் திரிந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 2009 வாக்கில், லட்சம் பேருக்கு இத்தனை கொலை என்ற கணக்கில், எல் சால்வடோர் 70-ஐத் தொட்டு நிற்க, குவாத்தமாலா 45-ஐ ஒட்டி இருக்க, நிகராகுவா 15-க்கும் கீழே இருந்தது. முக்கியமான ஒரு வித்தியாசம், 1979 புரட்சியில் பழைய தேசியக் காவல்படை அடியோடு கலைந்துபோய், போலீஸை முதலிலிருந்து கட்டவேண்டி வந்தது. அந்தப் போலீஸ் பின்னாளில், குறிப்பாக 2018-ல், தன் சொந்த மக்கள் மேலேயே பாய்ந்தது, அது தனிக் கொடுமை. ஆனால் போர் முடிந்த உடனடி ஆண்டுகளில் அங்கே குற்றக் கும்பல்களோடு பல காலமாகக் கூட்டு வைத்திருந்த பழைய போலீஸ் என்று ஒன்று இல்லை. (அமெரிக்காவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள் குறைவு என்பதும் ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன்.)

எனக்கு நன்றாகத் தெரிந்தது பால்கன் கதை, அதாவது யூகோஸ்லாவியா உடைந்த கதை, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

1991 செப்டம்பரில் ஐ.நா. யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதத் தடை போட்டது. 1992 மே மாதம் செர்பியா, மாண்டினீக்ரோ மீது முழுப் பொருளாதாரத் தடை. எண்ணெய் கிடையாது, வர்த்தகம் கிடையாது, விமானம் கிடையாது. தடை போட்டவர்களின் நோக்கம் செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் கையைக் கட்டுவது. நடந்ததோ வேறு. தடை வந்த அன்றிலிருந்து கடத்தல் என்பது அரசாங்கத்தின் வேலையாகிவிட்டது, ஏனென்றால் பீரங்கி ஓட டீசல் வேண்டும், டீசல் கடத்தித்தான் வந்தாக வேண்டும். ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் டான்யூப் ஆறு வழியாகவும் எண்ணெய் வந்தது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் சாலையோரங்களில் பிளாஸ்டிக் பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் வைத்து விற்றார்கள், வண்டி வைத்திருந்த ஒவ்வொரு சாதாரணக் குடும்பமும் கள்ளச்சந்தையின் வாடிக்கையாளர் ஆனது. 1994 ஜனவரியில் பணவீக்கம் ஒரே மாதத்தில் 31 கோடி சதவீதத்தைத் தாண்டியது, அதற்கு முன்பே 50,000 கோடி தினார் என்று அச்சடித்த ஒற்றை நோட்டு புழக்கத்துக்கு வந்திருந்தது. அந்த நிலையில் சம்பளத்தை நம்பி யார் வாழமுடியும்? கையில் ஜெர்மன் மார்க் வைத்திருந்தவன்தான் மனிதன். மார்க் யாரிடம் இருந்தது என்றால் கடத்தல்காரனிடம்.

சுங்கத் துறை அப்போது மிலோசெவிச்சின் தனிப்பெட்டியாக மாறியது. அங்கே வசூலான பணம் பெட்டி பெட்டியாக ரொக்கமாக சைப்ரஸுக்குப் போய், அங்கிருந்து ஆயுதத்துக்கும் மற்ற செலவுக்கும் திரும்பியது. 2001-ல் கைதான பிறகு மிலோசெவிச்சே எழுதிக் கொடுத்த விளக்கத்தில், அரசுப் பணம் போஸ்னியாவிலும் குரோஷியாவிலும் இருந்த செர்பியப் படைகளுக்குத்தான் போனது, ரகசியமாக வைக்கவேண்டி இருந்ததால் கணக்கில் வரவில்லை என்ற தோரணையில் சொன்னார். அதாவது ஒரு நாட்டின் சுங்கமும் உளவுத் துறையும் எட்டு ஒன்பது வருடம் கணக்கில் வராத பணத்தையும் சரக்கையும் எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பழகியிருக்கின்றன. இந்தப் பழக்கம் ஒரு கையெழுத்தில் போய்விடும் என்று நினைத்ததுதான் பெரிய பிழை.

ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். ஜெல்கோ ரஜ்னாட்டோவிச், உலகம் ஆர்கான் என்று அறிந்தவர், எழுபதுகளில் மேற்கு ஐரோப்பாவில் வங்கிகளைக் கொள்ளையடித்தவர், பல நாட்டுச் சிறைகளிலிருந்து தப்பியவர், இன்டர்போல் தேடிய ஆள். ஊர் திரும்பி ரெட் ஸ்டார் பெல்கிரேடு கால்பந்து அணியின் முரட்டு ரசிகர் கூட்டத்துக்குத் தலைவரானார். 1990-ல் அந்தக் கூட்டத்திலிருந்தே ஒரு தன்னார்வப் படையைத் திரட்டினார், 'புலிகள்' என்று பெயர். குரோஷியாவின் வுகோவாரிலும் போஸ்னியாவின் பியெல்யினாவிலும் அவர்கள் செய்த கொலைகளும் கொள்ளையும் பதிவில் உள்ளன. கொள்ளையடித்த கார், குளிர்பதனப் பெட்டி, டிவி எல்லாம் லாரி லாரியாகச் செர்பியாவுக்கு வந்தன. அதோடு எண்ணெய் வியாபாரம். 1992-ல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார், பிறகு ஒபிலிச் என்ற சின்னக் கால்பந்து அணியைக் கையில் எடுத்தார், அது 1998-ல் லீக் பட்டமே வென்றது. 2000 ஜனவரி 15 அன்று பெல்கிரேடின் ஒரு பெரிய ஹோட்டல் வரவேற்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வங்கிக் கொள்ளைக்காரனாக இருந்த ஒரே ஆள் பத்தே வருடத்தில் படைத்தலைவன், எம்.பி., தொழிலதிபர் எல்லாம் ஆகிவிட்டார். போர் இல்லாமல் இந்த ஏணி கிடைத்திருக்காது.

இது செர்பியர்களின் கதை மட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். செர்பியப் படைகளின் முற்றுகையில் சிக்கிய போஸ்னியத் தலைநகர் சராயெவோவில், 1992 வசந்தத்தில், போஸ்னிய அரசுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ராணுவமே கிடையாது. நகரத்தைக் காப்பாற்ற முன்னால் வந்து நின்றவர்களில் அந்த ஊர் ரவுடிகளும் இருந்தார்கள். யூசுஃப் பிரஸினா என்ற 'யூக்கா' வசூல் அடியாளாக இருந்தவர். முஷான் டொப்பாலொவிச் என்ற 'சாட்சோ' இசைக்குழுவில் வாசித்தவர், பிறகு ஒரு படைப்பிரிவுக்கே தளபதி. மக்கள் இவர்களை நிஜமாகவே கொண்டாடினார்கள், காரணமும் இருந்தது, முதல் மாதங்களில் நகரம் விழாமல் நின்றதில் இவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அதே ஆட்கள் உள்ளே இருந்த மக்களிடம் கப்பம் வாங்கினார்கள், ஆட்களைப் பிடித்துப்போய்ப் பதுங்குகுழி வெட்ட வைத்தார்கள், சாட்சோவின் ஆட்கள் நகரில் தங்கியிருந்த செர்பியர்களைக் கொன்று கஸானி என்ற பள்ளத்தில் வீசினார்கள். 1993 ஜூலையில் விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் சுமார் 800 மீட்டர் நீளச் சுரங்கப்பாதை தயாரானது. ஆள் குனிந்துதான் போகமுடியும். நகரத்தின் உயிர் அந்தப் பாதையில்தான் ஓடியது, ஆயுதமும் உணவும் காயம்பட்டவர்களும் அதன் வழியாகத்தான் போய் வந்தார்கள். ஆனால் அந்த வாயைக் கட்டுப்படுத்தியவன் சர்க்கரைக்கும் சிகரெட்டுக்கும் நகருக்குள் விலையை நிர்ணயிக்க முடிந்தது. 1993 அக்டோபரில் அரசே பொறுக்கமுடியாமல் இந்தத் தளபதிகள் மேல் நடவடிக்கை எடுத்தது, சாட்சோ கொல்லப்பட்டார். போர் இன்னும் இரண்டு வருடம் ஓடவிருந்த நேரத்தில், எதிரியை வைத்துக்கொண்டு, அதைச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த அளவுக்கு நிலைமை கைமீறியிருந்தது.

போஸ்னியப் போரை முடித்த டேட்டன் ஒப்பந்தம் 1995 கடைசியில் வந்தது. நேட்டோவின் 60,000 வீரர்கள் இறங்கினார்கள். போஸ்னியாவின் பிர்ச்கோ நகருக்குத் தெற்கே, மூன்று தரப்பின் பகுதிகளும் சந்திக்கும் இடத்தில், நேட்டோ ராணுவம் 'அரிசோனா' என்று பெயர் வைத்த சாலை ஒன்று உண்டு. அங்கே இருந்த சோதனைச் சாவடியைச் சுற்றி ஆட்கள் சாமான் மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். செர்பியரும் குரோஷியரும் போஸ்னியாக்கும் (போஸ்னிய முஸ்லிம்கள்) மறுபடி முகம் பார்த்துப் பேசிய முதல் இடங்களில் அது ஒன்று. மாடு விற்றார்கள், முட்டை விற்றார்கள், காபி குடித்தார்கள். அமெரிக்க அதிகாரிகள் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் ஊக்குவித்தார்கள், அதில் தப்பு சொல்லமுடியாது, உண்மையிலேயே அது நல்ல விஷயமாகத்தான் தொடங்கியது.

ஆனால் அந்த நிலம் யார் அதிகாரத்தின் கீழ் என்று தெளிவில்லை, வரி வாங்க யாரும் இல்லை, போலீஸும் இல்லை. சில வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரக்கொட்டகைக் கடைகள் வந்துவிட்டன. முன்பக்கம் சட்டையும் ஷூவும் திருட்டு சிடியும். உள்ளே போகப்போக வரி கட்டாத சிகரெட், திருட்டுக் கார், ஆயுதம். பின்வரிசையில் 'இரவு விடுதி' என்று பலகை வைத்த கொட்டகைகள். மால்டோவா, உக்ரைன், ருமேனியாவிலிருந்து ஹோட்டல் வேலை என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பெண்களைப் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அங்கே விற்றார்கள். வாங்கிய விலையை அந்தப் பெண்ணே 'கடனாக' அடைக்கவேண்டும், கடன் தீரும் நேரத்தில் இன்னொருவனிடம் விற்றுவிடுவார்கள். அந்த விடுதிகளுக்குப் போனவர்களில் வெளிநாட்டு அமைதிப் பணியாளர்களும் இருந்தார்கள். ஐ.நா. போலீஸ் பணியில் இருந்த கேத்ரின் போல்கோவாக் என்ற அமெரிக்கப் பெண் இதைப் புகாராக எழுதினார், அவரை அனுப்பியிருந்த ஒப்பந்த நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. 2002-ல் பிரிட்டனில் ஒரு தொழிலாளர் தீர்ப்பாயம் அந்த நீக்கம் நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. புகாரில் சிக்கிய வெளிநாட்டவர்களுக்குச் சட்ட விலக்கு இருந்ததால் பலரை ஊருக்கு அனுப்பி வைத்ததோடு சரி. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. காப்பாற்றப் போனவர்கள் கொடுத்த சம்பளப் பணம் அந்தச் சந்தையை வளர்த்திருக்கிறது.

இனி செர்பியாவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் பின்விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மிலோராட் உலெமெக், பட்டப்பெயர் 'லெகியா', பிரெஞ்சு அந்நியப் படையில் இருந்தவர், பிறகு ஆர்கானின் ஆள், பிறகு உளவுத் துறையின் 'சிவப்புத் தொப்பி' சிறப்புப் படைக்குத் தளபதி. 2000 ஆகஸ்டில் மிலோசெவிச்சின் பழைய அரசியல் எதிரி இவான் ஸ்தாம்போலிச் காலை ஓட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. இந்தப் படைதான் கடத்திக் கொன்றது என்று பின்னால் நிரூபணமானது. அதே வருடம் அக்டோபர் 5 அன்று மக்கள் எழுச்சியில் மிலோசெவிச் ஆட்சி விழுந்தது. முந்தின நாள் எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜோரான் ஜின்ஜிச் லெகியாவை ரகசியமாகச் சந்தித்து, கூட்டத்தின் மேல் சுடமாட்டோம் என்று வாக்கு வாங்கினார். பெரிய ரத்தக்களரி இல்லாமல் புரட்சி நடந்தது, உண்மை. அதற்கு விலையாக அந்தப் படை கலைக்கப்படாமல் அப்படியே தப்பித்தது. ஜின்ஜிச் பிரதமரானார்.

அந்தப் படை என்ன செய்தது என்றால், பெல்கிரேடின் ஸெமுன் பகுதியில் டூஷான் ஸ்பாசொயெவிச் நடத்திய கும்பலோடு ஒன்றாகக் கலந்தது. ஹெராயின் வியாபாரம், பணக்காரர்களைக் கடத்திப் பல லட்சம் மார்க் பிணைத்தொகை வாங்குவது, கூலிக்கொலை. 2001-ல் பெல்கிரேடு வங்கி ஒன்றில் உளவுத் துறை வாடகைக்கு எடுத்திருந்த பெட்டகத்திலிருந்து 600 கிலோவுக்கும் அதிகமான ஹெராயின் எடுக்கப்பட்டது, இதிலிருந்து உளவுத் துறைக்கும் கும்பலுக்கும் நடுவில் கோடு எங்கே இருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். போட்டிக் கும்பலான சுர்ச்சின் ஆட்களின் தலைவர் சாலைக்குத் தார் போடும் நிறுவனம் வைத்திருந்தார். புனரமைப்புப் பணம் வரும் நாட்டில் கடத்தல் காசை வெள்ளையாக்கத் தார், சிமெண்ட், மணல் இவற்றைவிட நல்ல வழி கிடையாது.

2001 நவம்பரில், யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் நீதிமன்றம் தேடிய இரண்டு பேரைக் கைது செய்யச் சொன்னதைக் காரணம் காட்டி, சிவப்புத் தொப்பிகள் கவச வண்டிகளோடு பெல்கிரேடு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அரசு பணிந்தது, உளவுத் துறைத் தலைவர்கள் போனார்கள், படை கேட்டது கிடைத்தது. என்னைக் கேட்டால் ஜின்ஜிச்சின் தலையெழுத்து அந்த வாரமே எழுதப்பட்டுவிட்டது. 2002-ல் திட்டமிட்ட குற்றங்களுக்கென்று தனிச் சட்டமும் சிறப்பு வழக்கறிஞரும் வந்தபோது, சுர்ச்சின் தலைவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியபோது, தங்களுக்கு நேரம் குறைந்துவிட்டது என்று ஸெமுன் ஆட்களுக்குப் புரிந்தது. 2003 பிப்ரவரியில் நெடுஞ்சாலையில் பிரதமரின் கார் மேல் லாரியை ஏற்றப் பார்த்தார்கள், தப்பினார். மார்ச் 12 அன்று மதியம், கால்பந்து ஆடி அடிபட்ட காலோடு ஊன்றுகோல் பிடித்து அரசுக் கட்டடத்தின் வாசலில் காரை விட்டு இறங்கியவரைத் தூரத்து ஜன்னலிலிருந்து ஒரே குண்டில் கொன்றார்கள். சுட்டவர் கும்பல் அடியாள் இல்லை. அந்தச் சிறப்புப் படையின் துணைத் தளபதி ஸ்வெஸ்டான் யொவானோவிச், பதவியில் இருந்தவர்.

எல் சால்வடோரில் இதே விஷயம் வேறு ரூபத்தில். 12 வருடப் போர், 75,000 பேர் சாவு, 1992 ஜனவரியில் ஒப்பந்தம். காகிதத்தில் அது நல்ல ஒப்பந்தம், பழைய ஆயுதப் போலீஸ் படைகளைக் கலைத்துப் புதுச் சிவில் போலீஸ் அமைக்கவேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பழைய போலீஸின் போதைத் தடுப்புப் பிரிவும் குற்றப் புலனாய்வுப் பிரிவும் ஆள் மாறாமல் முழுசாகப் புதுப் படைக்குள் வந்து உட்கார்ந்தன. 1994 ஜூனில் தலைநகர் சான் சால்வடோரில் வங்கிப் பணம் ஏற்றிய கவச வண்டியைப் பட்டப்பகலில் கொள்ளையடித்தார்கள், தற்செயலாக ஒரு டிவி கேமரா அதைப் படம் பிடித்துவிட்டது. கொள்ளையை நடத்தியவர்களில் பழைய தேசியப் போலீஸின் ஒரு புலனாய்வு அதிகாரி. இழுத்துக்கொண்டே போன கலைப்பு வேலை அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. அதே வருடம் ஐ.நா. துணையோடு அமைந்த ஒரு விசாரணைக் குழு, போர்க்காலக் கொலைப்படைகளின் மிச்சங்கள் திட்டமிட்ட குற்றத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன என்று எழுதியே கொடுத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

எல் சால்வடோரின் பெயரோடு உலகம் அறிந்த மாரா தெருக் கும்பல்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவானவை. போருக்குத் தப்பி ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே தெருவில் கற்றதை, தொண்ணூறுகளில், குறிப்பாக 1996 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு, அமெரிக்கா கொத்துக் கொத்தாக விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியது. இறங்கிய இடத்தில் வேலை இல்லை, அரைகுறைப் போலீஸ். 2003-க்குப் பிறகு 'இரும்புக் கை' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பிடித்து, சண்டை வராமலிருக்கக் கும்பலுக்கு ஒரு சிறை என்று பிரித்து வைத்தார்கள், சிறையே அவர்களுக்குத் தலைமையகம் ஆகிவிட்டது. 2022 முதல் நெருக்கடி நிலையில் 80,000-க்கும் மேற்பட்டோரைப் பிடித்து அடைத்திருக்கிறார்கள். கொலைகள் பெரிய அளவில் குறைந்தது நிஜம், தெருவில் நடக்கமுடிகிறது என்று மக்கள் சொல்வதும் நிஜம், குற்றமே செய்யாத பலர் விசாரணை இல்லாமல் உள்ளே கிடப்பதும் நிஜம்.

ஆனால் என் கருத்தில், பச்சை குத்திய இளைஞர்களின் படங்கள் நம் கண்ணை இழுத்துக்கொள்வதால் பெரிய விஷயம் கண்ணில் படாமல் போகிறது. அதைக் குவாத்தமாலாவில் பாருங்கள். 36 வருடப் போர், இரண்டு லட்சம் பேர் சாவு அல்லது காணாமல் போனவர்கள், 1996 டிசம்பரில் ஒப்பந்தம். போர்க்காலத்தில் கெரில்லாக்களுக்கு ஆயுதம் வராமல் தடுக்க என்று சொல்லி ராணுவ உளவுத் துறை தன் ஆட்களைச் சுங்கத்துக்குள் வைத்தது. உள்ளே போன ஆட்கள் கண்டெய்னர் பார்த்தார்கள், காசு பார்த்தார்கள். 1996-லேயே ஆல்ஃபிரெடோ மொரேனோ என்ற முன்னாள் உளவு ஆள் நடத்திய சுங்க மோசடி வலை ஒன்று பிடிபட்டது. பெரிய தலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்தொன்பது வருடம் கழித்து, 2015 ஏப்ரலில், 'லா லீனியா' வழக்கு வெடிக்கிறது. முறை இதுதான்: இறக்குமதியாளர் ஒரு குறிப்பிட்ட தொலைபேசி எண்ணைக் கூப்பிடவேண்டும். துறைமுகத்தில் அவருடைய கண்டெய்னரின் மதிப்பைக் குறைத்து எழுதுவார்கள். கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதி அரசுக்கு, ஒரு பகுதி வலைக்கு, மிச்சம் இறக்குமதியாளருக்கு லாபம். விசாரணையாளர்கள் மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கான உரையாடல்களை ஒட்டுக்கேட்டார்கள், அதில் 'ஒன்று', 'இரண்டு' என்று மேலிடத்தைக் குறிப்பிட்டுப் பேசினார்கள். ஒன்று என்பது ஜனாதிபதி ஓட்டோ பெரெஸ் மோலினா, இரண்டு என்பது துணை ஜனாதிபதி ரொக்ஸானா பால்டெட்டி என்பது அரசுத் தரப்பு வாதம். இந்தப் பெரெஸ் மோலினா யார்? ராணுவ உளவுப் பிரிவின் முன்னாள் தலைவர், ஓய்வு பெற்ற ஜெனரல், அமைதிப் பேச்சில் ராணுவத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர். சனிக்கிழமைதோறும் மக்கள் தலைநகரின் மையச் சதுக்கத்தை நிறைத்தார்கள், செப்டம்பரில் அவர் பதவி விலகி நேராகச் சிறைக்குப் போனார். 2022 டிசம்பரில் இருவருக்கும் தலா 16 வருடத் தண்டனை. பழைய மொரேனோ வலையில் அடிபட்ட ஒருவர் இந்த வழக்கிலும் இருந்தார் என்றால், இதை ஒரு ஆட்சியின் ஊழல் என்று எப்படிச் சொல்வது?

இலங்கை பற்றியும் கேட்டிருந்ததால் ஒன்று மட்டும். அங்கே போர்க்காலத்திலேயே ராணுவத்தை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில். தெற்கின் பாதாளக் கும்பல்களுக்கு ஆயுதப் பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைப்பது பெருமளவு அங்கிருந்துதான் என்று போலீஸே பலமுறை சொல்லியிருக்கிறது. 2024-ல்கூட இப்படி ஓடியவர்களைச் சட்டப்படி விடுவிக்கப் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள், போர் முடிந்து பதினைந்து வருடம் கழித்து.

சரி, எது வேலை செய்தது? கேள்வியின் இரண்டாம் பகுதி அதுதான். ஆயுதக் களைவு, மறுவாழ்வு என்று வழக்கமாகச் செய்வதெல்லாம் கீழ்மட்டப் போராளிக்கானது. தையல் மெஷின், கோழிப் பண்ணை, கொஞ்சம் ரொக்கம். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வீட்டுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். மேலே இருக்கும் ஜெனரலுக்குப் பதவியோ ஹேக் கூண்டோ கிடைத்துவிடும். நடுவில் இருக்கும் ஆள்தான் ஆபத்து. எந்தக் கணவாயில் இரவு எத்தனை மணிக்குக் காவல் மாறும், எந்த அதிகாரிக்கு எவ்வளவு மாமூல், எந்த நாட்டில் யார் சரக்கை எடுத்துக்கொள்வார் என்பது அவனுக்குத்தான் தெரியும். அவனைப் படையோடு சேர்த்து அப்படியே புது அரசுக்குள் எடுத்துக்கொண்ட இடங்களில் எல்லாம் அடி விழுந்திருக்கிறது.

ஜின்ஜிச் கொல்லப்பட்ட பிறகு செர்பியா இதைத்தான் தலைகீழாகச் செய்தது. அன்றே நெருக்கடி நிலை, 'சாப்லியா' என்ற பெயரில் நடவடிக்கை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். மார்ச் 25-ல் சிவப்புத் தொப்பிப் படையையே கலைத்தார்கள். இரண்டு நாளில் ஸ்பாசொயெவிச் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். லெகியா 2004-ல் சரணடைந்தார், 2007-ல் நாற்பது வருடத் தண்டனை. அந்த நடவடிக்கையில் சித்திரவதைப் புகார்கள் வந்தன, அவற்றை மூடி மறைக்கக்கூடாது. ஆனால் அரசையே மிரட்டும் அளவுக்கு இருந்த கும்பலின் முதுகெலும்பு அந்த ஆறு வாரத்தில் உடைந்தது. சுமார் ஒன்றரை வருடம் முன்பு, நெடுஞ்சாலையை மறித்த அந்த நவம்பரில் செய்திருந்தால் ஜின்ஜிச் உயிரோடு இருந்திருப்பார் என்று நினைக்கும் செர்பியர்கள் நிறைய. கொலைக்குப் பின்னால் அரசியல் ஆதரவாளர்கள் இருந்தார்களா என்ற விசாரணை கடைசிவரை போய்ச் சேரவில்லை. 2021-ல் பெல்கிரேடில் இன்னொரு கால்பந்து ரசிகர் கும்பல், கொலை, போதைக் கடத்தல் குற்றச்சாட்டுகளோடு பிடிபட்டபோது, அதற்கும் போலீஸுக்குள்ளும் ஆட்சிக்குள்ளும் ஆள் இருந்ததாகப் பேச்சு வந்தது. ஆர்கான் கூட்டம் சேர்த்ததும் கால்பந்துத் திடலின் இருக்கைகளிலிருந்துதான்.

குவாத்தமாலா வேறு வழியில் போனது. 1994-லேயே மனித உரிமை உடன்படிக்கையில், சட்டவிரோதப் பாதுகாப்புக் குழுக்களை ஒழிப்போம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மனித உரிமை அமைப்புகள் வருடக்கணக்கில் போராடி, 2007-ல் ஐ.நா. ஆதரவில் 'சிசிக்' என்ற விசாரணை ஆணையத்தை வரவழைத்தன. வெளிநாட்டு விசாரணையாளர்கள், உள்ளூர் அரசு வழக்கறிஞர்களோடு ஒரே மேசையில், உள்ளூர்ச் சட்டப்படி, உள்ளூர் நீதிமன்றத்தில். ஒட்டுக்கேட்கும் சட்டம், சாட்சிப் பாதுகாப்பு, ஆபத்தான வழக்குகளுக்கெனத் தனி நீதிபதிகள் இதெல்லாம் அந்தக் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. லா லீனியா அவர்கள் வழக்கு. நான் பார்த்தவரை போருக்குப் பிந்தைய ஒரு நாட்டில் மேலே இருப்பவனைத் தொட்ட முயற்சிகளில் இதற்கு இணையானது மிகக் குறைவு.

தொட்டதால்தான் போனது. ஜனாதிபதி ஜிம்மி மொராலெஸ், தன் குடும்பத்தின் மேலும் தன் தேர்தல் செலவின் மேலும் விசாரணை வந்ததும், ஆணையத்தைப் புதுப்பிக்க மறுத்தார், கொலம்பியரான தலைவர் இவான் வெலாஸ்கெஸை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. 2019 செப்டம்பரில் மூடினார்கள். அப்புறம் அதில் வேலை செய்த உள்ளூர் ஆட்கள் மேல் வரிசையாக வழக்கு. ஊழல் தடுப்புச் சிறப்புப் பிரிவின் தலைமை வழக்கறிஞர் 2021 ஜூலையில் பதவி பறிக்கப்பட்ட அன்றிரவே எல் சால்வடோர் எல்லையைத் தாண்டினார். அவரைப் போல நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் டஜன் கணக்கில் வெளியேறினார்கள். பெரெஸ் மோலினா 2024 ஜனவரியில் ஜாமீனில் வீட்டுக்கு வந்தார். அதே மாதம் ஊழல் எதிர்ப்பைச் சொல்லி ஜெயித்த பெர்னார்டோ அரேவலோ பதவியேற்றார், பதவியேற்பு நாளில்கூட அவரைத் தடுக்க முயற்சி நடந்து நள்ளிரவு தாண்டித்தான் உறுதிமொழி எடுக்க முடிந்தது.